நாற்றங்காலில் திருவிழாக் கூட்டம்

கஞ்சிக்கு உப்பு காணாது என்று தேவசிகாமணி சொன்னார். ஞானசௌந்தரி உப்பு மரவையை அவர் பக்கம் தள்ளி வைத்தாள். அவர் குடித்து எழுந்து, வயலிலிருந்து கொண்டுவந்து மூலையில் சாய்த்திருந்த இரண்டு நெற்கதிர்க் கட்டுகளையும் எடுத்து அவள் கையில் கொடுத்தார்.

"ஒண்ணு கோவில் அறுப்பின் பண்டிகைக்கு, ஒண்ணு விதைக்கு. எலி எட்டாத இடமாப் பாத்துக் கட்டு."

"எலி எட்டாத இடம் இந்த வீட்டிலே இருந்தா, முதல்லே நான் போயி அங்கன உக்காந்துக்கிடுவேன்" என்றாள் அவள்.

எது கோவிலுக்கு, எது விதைக்கு என்று அவர் சொல்லவில்லை. அவருக்கு அது சொல்ல வேண்டிய விஷயமாகவே படவில்லை. அவளும் கேட்கவில்லை, பார்த்தாலே தெரிகிறதே என்று நினைத்தாள். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, சிரித்தபடி மடைப் பக்கம் போனார். அன்று விளக்கு வைப்பதற்குள் வாந்திபேதி அவரைக் கொண்டுபோய்விட்டது.

அது மாசி மாதம். டெல்லியில் ராஜாவுக்கு முடிசூட்டி முடித்த கையோடு வந்த மாசி.

ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டுக்குக் கீழே வாய்க்கால் பாய்கிற ஊர் அது. தேவசிகாமணி மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார். ஊரில் சார்வாள் என்றால் அவர்தான். பள்ளி விட்டதும் வயலில் இறங்கி, ஒவ்வொரு தூராகக் குனிந்து பார்ப்பார். கூட்டத்தில் ஒன்றைப் பிடித்து அதன் நெல்லைத் தனியாக விதைப்பார். அது வளர்ந்ததும் அதில் ஒன்றைப் பிடித்து, மறுபடியும் தனியாக விதைப்பார். சார்வாள் நெல்லுக்கு மாப்பிள்ளை பார்க்கிறார் என்று ஊர் சிரித்தது. வயலின் நடுவே அவர் தனியாக நட்ட பாத்தி மற்றவர்களுடைய பாத்தியைவிட ஒன்றரைப் பங்கு கண்டபோது சிரிப்பு கொஞ்சம் அடங்கியது.

கல்யாணம் ஆன நாள் முதலாக அவர் பார்த்துப் பொறுக்கியது எல்லாம் கடைசியில் அந்த ஒரு விதைக்கட்டில் வந்து நின்றது. மிச்ச நெல், சாவு வீட்டு அவசரத்தில் களத்தில் ஒன்றாய்க் கலந்து, அடித்து, விற்றுப் போயிற்று.

புரட்டாசியில், பிசானப் போகத்துக்கு விதை பாவ வேண்டிய நேரத்தில், ஞானசௌந்தரி அடுக்களை மோட்டு உத்திரத்தில் கோணிச்சுருளாகத் தொங்கிய கட்டை இறக்கினாள். அவிழ்த்தாள். உள்ளே வைக்கோல் இருந்தது. நல்ல வைக்கோல்தான். ஆனால் ஒரு மணி நெல் இல்லை.

பாளையங்கோட்டையிலிருந்து அவளுடைய அண்ணன் எலியேசர் வந்து சேர்ந்தார். போலீசில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். 'களவு, காணாமற்போதல், இன்னபிற துப்புத் துலக்கப்படும்' என்று வீட்டு வாசலில் பலகை எழுதி மாட்டியிருந்தார். இதுவரை ஒரு வெள்ளாட்டையும், கோவில் ஆர்மோனியத்தையும் கண்டுபிடித்திருக்கிறார். ஆடு தானாகவே வந்துவிட்டது என்று ஞானசௌந்தரி சொல்லுவாள். அவர் பையில் ஒரு பூதக்கண்ணாடி எப்போதும் இருக்கும். பெரும்பாலும் வேதப்புத்தகத்தின் அடிக்குறிப்பு படிக்கத்தான் உதவும்.

"ஏளா சௌந்தரி, நான் கேக்குத கேள்விக்கு மட்டும் பதில் சொல்லணும்."

"கேளுங்க."

"ரொம்ப அழுதியா?"

"இது விசாரணையா, சாவுக்குத் துஷ்டி கேக்குததா? விசாரணைன்னா ஆமா. துஷ்டின்னா அதுக்குத் தனியா வாங்க, காப்பி போடுதேன்."

எலியேசர் மீசையைத் தடவிவிட்டு வைக்கோலின் பக்கம் திரும்பினார். ஒரு தாளை எடுத்துக் கண்ணாடிக்குக் கீழே பிடித்தார். பிறகு கண்ணாடியை எடுத்துவிட்டுப் பார்த்தார். அப்போதுதான் தெரிந்தது போலிருந்தது.

"உங்க வீட்லே நெல்லை எப்படி அடிப்பீங்க?"

"கல்லிலே ஓங்கி. கையாலே."

"அப்போ தாள் நிமிந்து, விறைப்பா நிக்கும். இதைப் பாரு. நசுங்கி, சப்பி, பஞ்சு மாதிரி கிடக்கு. களத்திலே மாடு பூட்டி மிதிக்க விட்ட வைக்கோல். உனக்கு மாடு எத்தனை?"

"ஒரே ஒரு பசு. அது யாரையும் மிதிக்காது. முட்டும்."

"ஆக, வைக்கோலு வெளியேயிருந்து வந்திருக்கு. யாராச்சும் வைக்கோலு கொண்டாந்தாங்களா?"

ஞானசௌந்தரி யோசித்தாள். கண்ணீருக்கும் கூட்டத்துக்கும் நடுவில் அந்த நாட்கள் அவளுக்குச் சரியாக நினைவில் இல்லை. பசுவைப் பார்த்ததும் நினைவு வந்தது.

"ஜெபக்கூட்டத்துக்கு வந்தப்போ வன்னியராஜ் அண்ணாச்சி ஒரு கட்டு கொண்டாந்தாரு. 'சார்வாள் போயிட்டாரு, பசு என்ன செய்யும் பாவம், அதுக்குப் போடு'ன்னாரு. ஆனா பசு அந்த வைக்கோலைக் கண்ணாலே பாக்கலை."

"பசு உன்கிட்ட சொல்லிச்சா?"

"அது பேசாது அண்ணே. அன்னைக்கு ராத்திரி பசியிலே என் சேலை முந்தானையைத் தின்னுது. வைக்கோலு கிடைச்சிருந்தா சேலையைத் தின்னுமா?"

எலியேசர் தலையாட்டினார். சாட்சி பலமாகத்தான் இருந்தது.

"இன்னும் ஒண்ணு. அவரு அன்னைக்கு அடுக்களை வரைக்கும் வந்தாரு" என்றாள் அவள். "அழுதாரு. எல்லாரும் தரையைப் பாத்து அழுதாங்க. அவரு மட்டும் மோட்டைப் பாத்து அழுதாரு. பரலோகத்தைப் பாக்காரு போலன்னு நான் நினைச்சேன்."

"மோட்டிலே என்னென்ன தொங்கிச்சு?"

"ரெண்டு கட்டும். விதைக்கட்டைக் கோணியிலே சுத்தி வச்சேன். கோவில் கட்டை அப்படியே சும்மா தொங்க விட்டேன்."

"கோணி சுத்தினதுதானே உசத்தி. திருடனும் அப்படித்தான் நினைச்சிருப்பான்" என்று எலியேசர் எழுந்தார். பிறகு கொஞ்சம் குரலைத் தாழ்த்தி, "கிடைக்காமப் போனா?" என்று கேட்டார்.

"அந்த விதை உலகத்திலே வேற எங்கேயும் கிடையாது. இந்தப் பிசானத்துக்குப் பாவலைன்னா முளைப்பும் போயிரும். அவிய இத்தனை வருஷம் குனிஞ்ச முதுகு, சும்மா குனிஞ்சதாப் போயிரும்."

எலியேசர் செருப்பை மாட்டினார்.

வன்னியராஜ் பக்கத்து வயல்காரர். வாழைத்தோட்டம், கிணறு, உழவு மாடு எல்லாம் உள்ளவர். கிணறு இருந்ததால் வாய்க்கால் தண்ணீருக்குக் காத்திராமல் முன்கூட்டியே நாற்றுப் பாவிவிட்டார். இவர்கள் போனபோது அவர் நாற்றங்கால் வரப்பில் கயிற்றுக் கட்டிலைப் போட்டு, தாடையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். சோளக்கொல்லைப் பொம்மை ஒன்று பக்கத்தில் நின்றது. அதற்குப் போட்டிருந்த சட்டை எலியேசருடைய சட்டையைவிட நன்றாக இருந்தது.

எலியேசர் தொண்டையைச் செருமி, வழியெல்லாம் மனத்துக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த முதல் வாக்கியத்தை எடுப்பதற்குள், வன்னியராஜ் எழுந்து ஓடிவந்தார்.

"ஏட்டையா, கும்பிடப் போன சாமி குறுக்கே வந்த மாதிரி வந்தீரு. ஒரு மோசடி கேஸ் எழுதணும்."

"மோசடியா? யாரு மேலே?"

"தேவசிகாமணி சார்வாள் மேலே."

ஞானசௌந்தரி அண்ணனைப் பார்த்தாள். அண்ணன் பொம்மையைப் பார்த்தார்.

"அவரு செத்துப் போயிட்டாரே வே" என்றார் எலியேசர். "சம்மன் அனுப்பினா வரமாட்டாரே."

"அவிய உயிரோட இருந்தப்பவே கூப்பிட்டா வரமாட்டாவ" என்றாள் ஞானசௌந்தரி.

"அதெல்லாம் தெரியாது. இங்கன பாரும், என்ன நாத்து இது? ஒவ்வொரு கதிரும் முழங்கை நீளம் இருந்துது வே. கையிலே தூக்கினா வளைஞ்சு தரையிலே இடிக்கும். அப்படிப்பட்ட நெல்லை அரும்பாடு பட்டு…" வன்னியராஜ் நிறுத்தினார். தன் வாய் தன்னைவிட்டு வெகுதூரம் போய்விட்டதை அப்போதுதான் கண்டார்.

"எப்படிப்பட்ட பாடு அண்ணாச்சி?" என்று ஞானசௌந்தரி பைய கேட்டாள். "மோட்டிலே ஏறினீங்களே, அந்தப் பாடா?"

"நான் ஏறலை. முக்காலி போட்டேன்."

வாக்குமூலம் இவ்வளவு சுருக்கமாகக் கிடைக்கும் என்று எலியேசர் எதிர்பார்க்கவில்லை. அவருக்குச் சற்று ஏமாற்றமாகவே இருந்தது. வழியில் தயார் செய்துவைத்த கேள்விகள் எல்லாம் வீணாகிவிட்டன. வன்னியராஜ் கட்டிலில் தொப்பென்று உட்கார்ந்தார்.

"பாளையங்கோட்டையிலே கலெக்டர் தொரை பாக்குத விவசாயக் காட்சி வருது. சார்வாளோட நடுப்பாத்தி கண்ட விளைச்சலைப் பாத்ததிலேர்ந்து எனக்குத் தூக்கம் இல்லை. விதவைப் பொம்பளை விதையை என்ன செய்யப் போறான்னு நினைச்சேன். தப்புதான். அடிக்கணும்னா அடியும். ஆனா முதல்லே நாத்தைப் பாத்துச் சொல்லும்."

மூவரும் நாற்றங்காலுக்குக் குனிந்தார்கள்.

ஆடி அமாவாசைக்குப் பாபநாசத்தில் குளிக்க வந்த கூட்டம் மாதிரி இருந்தது அது. நெட்டை ஒன்று, குட்டை நாலு, சாய்ந்தது, படர்ந்தது, இலை அகன்றது, இலை ஊசியாய்ப் போனது. சிலதின் அடித்தாள் பச்சை. சிலது கத்தரிப்பூ நிறம். ஒன்றுக்கொன்று எந்த உறவும் இல்லை என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றன. எலியேசர் கண்ணாடியை வைத்து ஒன்றை வெகுநேரம் ஆராய்ந்தார்.

"அண்ணே, அது கோரைப்புல்லு" என்றாள் ஞானசௌந்தரி.

அவர் கண்ணாடியைப் பக்கத்துக்கு நகர்த்தினார். பிறகு மெல்ல நிமிர்ந்தார். அவர் முகத்தில் அவள் அதுவரை பார்த்திராத ஒரு தெளிவு இருந்தது.

"சௌந்தரி, எனக்கு மவன் பொறந்தப்போ மச்சான் என்னைக் கேலி பண்ணினது ஞாபகம் இருக்கா?"

"எந்தக் கேலி? நிறைய உண்டே."

"என் தொப்பையைத் தட்டி, 'மச்சான், இது போலீஸ் லைன் சாப்பாடு, உம்ம மவனுக்கு வராது. ஆனா இந்தக் காது இருக்கே, முறம் மாதிரி, இது உங்க அப்பா கொடுத்தது. இது உம்ம மவனுக்கும் வரும், அவன் மவனுக்கும் வரும்'னாரு. நான் அந்த வருஷம் பூரா அவருகிட்ட பேசலை."

"பேசாததை அவிய கவனிக்கலை. அதுக்கு என்ன இப்போ?"

எலியேசர் வன்னியராஜைப் பார்த்தார். "அந்த முழங்கை நீளக் கதிரை மச்சான் எங்கன அறுத்தாருன்னு பாத்தீரா?"

"கண்ணாலே பாத்தேன். தொழுவத்துச் சாணித் தண்ணி வயல்லே இறங்குதே, அந்த வரப்போரத்திலேதான்."

"அங்கன எது நின்னாலும் கொழுக்கும்" என்றாள் ஞானசௌந்தரி. "போன வருஷம் தானா முளைச்ச ஒரு பூசணிக்காயை உருட்டித்தான் வீட்டுக்குக் கொண்டாந்தோம்."

"அப்போ அது தொப்பை" என்றார் எலியேசர். "சாணித் தண்ணி போட்ட தொப்பை. விதைச்சா தொப்பை வராது. மச்சான் எத்தனையோ வருஷமாப் பொறுக்கினது காது. அவரு நாத்து எப்படி இருக்கும்?"

அவளுக்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை. "பிடுங்கும்போது கை நிறையக் கத்தரிப்பூ நிறமா இருக்கும். எல்லாம் ஒரே உயரம். ஒண்ணுகூடத் தப்பாது. கதிரு அப்படி ஒண்ணும் பெரிசு இல்லை, மெலிசுதான். ஆனா ஒரு தூருக்குக் கணக்கில்லாமக் கதிரு வரும், பதரே…"

அவள் வாய் அப்படியே நின்றது.

"சொல்லு" என்றார் எலியேசர்.

"கதிரு மெலிசுதான்" என்று அவள் மறுபடி சொன்னாள். அந்த இரண்டாவது முறையில் வேறு ஏதோ இருந்தது. வரப்பில் உட்கார்ந்துவிட்டாள்.

"கோவிலிலே எல்லாரும் பாக்கத்தானே வைப்பாங்க" என்றார் எலியேசர் பைய. "அறுப்பின் பண்டிகைக்கு வாழைத்தாரு, பூசணி எல்லாம் பெரிசு பெரிசாத்தானே அடுக்கி ஏலம் போடுவாங்க. கொழுத்ததைக் கோவிலுக்குன்னு அறுத்திருக்காரு. கர்த்தர் அதை எடுத்து விதைக்கப் போறதில்லையே."

"நான் மெலிசைக் கோவிலுக்குக் கொடுத்தேன்" என்றாள் ஞானசௌந்தரி. "நல்லதை எனக்கு வச்சுக்கிட்டு, நோஞ்சானை ஆண்டவருக்குக் கொடுத்தேன். ஏலத்திலே அதைத் தூக்கிக் காட்டினப்போ எனக்கே வெக்கமாப் போச்சு. முந்தானையாலே முகத்தை மூடிக்கிட்டேன். புருஷனை நினைச்சு அழுதேன்னு உபதேசியார் பொண்டாட்டி தண்ணி கொண்டாந்து கொடுத்தா."

"வேதத்திலே காணிக்கையை ஒளிச்ச அனனியாவும் சப்பீராளும் ரெண்டு பேரு சேந்து செஞ்சதை நீ ஒருத்தியாச் செஞ்சிருக்கே."

"அவங்க அங்கனேயே விழுந்து செத்தாங்க. நான் நிக்குதேன். ஏதோ வேலை மிச்சம் இருக்கும்."

"ஏலத்திலே யாரு எடுத்தா?"

அவளுக்கு நினைவிருந்தது. ஏலம் கூறியவர் அந்தக் கட்டைத் தூக்கிப் பிடித்துத் தொண்டை வறளக் கத்தியும் கோவில் வளாகத்தில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. வருஷா வருஷம் வாழைத்தார் எடுக்க வருகிற காயல்பட்டினத்து வியாபாரி நூர்முகம்மதுதான் கடைசியில், "கிடக்கட்டும், இப்படிப் போடும்" என்று சொல்லி வாங்கி, வண்டியில் தார்களுக்கு மேலே எறிந்துவிட்டுப் போனார்.

"மாசம் ஆறாச்சே" என்றார் எலியேசர். "இந்நேரம் சோறாகி இருக்கும்."

"போயிப் பாத்தாத்தானே தெரியும்."

"வண்டிக்கு எங்கே போக?"

வன்னியராஜ் எழுந்து நின்றார். "நம்ம வில்வண்டி இருக்கு. நானே ஓட்டுதேன்."

திருடன் ஓட்டுகிற வண்டியில் துப்பறிகிறவர் போவது முறையா என்று எலியேசர் கொஞ்சம் தயங்கினார். நடந்து போனால் பொழுது சாய்ந்துவிடும் என்று ஞானசௌந்தரி சொன்னாள். ஏறிக்கொண்டார். வழி நெடுக வன்னியராஜ், களவு போன பொருள் சரியில்லாவிட்டால் சட்டம் என்ன சொல்லுகிறது என்று விசாரித்துக்கொண்டே வந்தார். ஆறுமுகநேரியைத் தாண்டும்போது எலியேசர் தூங்குவதாகப் பாவனை செய்தார்.

காயல்பட்டினத்தில் நூர்முகம்மதின் வீட்டு முன்கட்டில் ஆண்கள் இருவரும் உட்கார வைக்கப்பட்டார்கள். தட்டில் வட்டிலப்பம் வந்தது. ஞானசௌந்தரி பெண்கள் போகிற முடுக்குச் சந்து வழியாகப் பின்கட்டுக்குப் போனாள். எலியேசரும் எழுந்தார்.

"உக்காரும் வே" என்றார் நூர்முகம்மது. "அங்கன ஆம்பளை போகக்கூடாது. நானே இருமிட்டுத்தான் போவேன்."

"நான் துப்பறிய வந்திருக்கேன்."

"இங்கனேயிருந்தே துப்பறியும். வட்டிலப்பம் எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு. அந்தக் கதிர்க்கட்டை என்ன செஞ்சீரு?"

"அதை ஏன் கேக்குதீரு. வாழைத்தாரு வாங்கப் போன மனுஷன் நெல்லு வாங்கிட்டு வந்தேன்னு வீட்டிலே ஒரு வாரம் சிரிச்சாங்க. பொண்டாட்டி கையிலே கொடுத்தேன். உள்ளே போனது எதுவும் வெளியே வராது."

உள்ளே நூர்முகம்மதின் இளம் மனைவி ஹமீது பீவி ஞானசௌந்தரியை வரவேற்றுப் பாய் விரித்தாள். வந்த விஷயத்தைக் கேட்டதும் அவள் முகம் மாறியது. வாயில் விரல் வைத்து மேலே காட்டினாள்.

கூடத்தின் நடுவில் ஒரு தொட்டில். அதில் ஒரு குண்டுக் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. தொட்டில் கயிற்றில், குழந்தையின் கைக்கு எட்டியும் எட்டாமலும், மெலிந்த நெற்கதிர்க் கட்டு ஒன்று தலைகீழாகத் தொங்கியது. தொட்டில் ஆடும்போதெல்லாம் அது சலசலத்தது.

ஞானசௌந்தரி கிட்டே போய்ப் பார்த்தாள். தேவசிகாமணி எப்போதும் போடுகிற முடிச்சு அவிழாமல் அப்படியே இருந்தது.

"இந்தச் சத்தம் இல்லாம நூகு தூங்கமாட்டான் அக்கா" என்று ஹமீது பீவி கிசுகிசுத்தாள். "எங்க வீட்டிலே யாருக்கும் அதைத் தொட தைரியம் கிடையாது. அடியிலே தொங்கினதை எல்லாம் அவனே பிச்சுட்டான். மேலே இருக்கிறது மிச்சம்."

நூகு என்றால் எங்கள் வேதத்தில் நோவா என்று ஞானசௌந்தரி மனத்துக்குள் நினைத்துக்கொண்டாள். பிரளயத்தில் விதையைப் பேழையில் ஏற்றிக் காப்பாற்றிய ஆள். பேழை சற்றே நனைந்திருந்தது.

ஆனால் இதுதானா அது? முடிச்சு அவருடையதுதான். கொழுத்த கட்டிலும் அவர்தான் முடிச்சுப் போட்டார். காய்ந்த தாளில் நிறம் தெரியவில்லை. இன்னொரு முறை ஏமாந்தால் இன்னொரு பிசானம் கிடையாது.

"பிள்ளை பிச்சுப் போட்டதை என்ன செஞ்சே தாயீ?"

"தொட்டில் துணியோட முற்றத்திலே உதறுவேன். துவைக்கிற கல்லு பக்கத்திலே."

ஞானசௌந்தரி முற்றத்துக்குப் போனாள். துவைக்கிற கல்லின் அடியில், எந்நேரமும் ஈரம் சொட்டுகிற இடத்தில், ஒரு கைப்பிடி நாற்று முளைத்து நின்றது. தொட்டில் துணி பிழிந்த தண்ணீரில் வளர்ந்தது. வெயில் போதாமல் சற்று வெளிறி இருந்தது. அவள் மண்டியிட்டு ஒவ்வொன்றாக விலக்கிப் பார்த்தாள். எல்லாம் ஒரே உயரம். எல்லாவற்றின் அடியிலும் கத்தரிப்பூ நிறம். இன்னொரு தரம் பார்த்தாள். ஒன்றுகூடத் தப்பவில்லை.

அவள் சுவர்ப் பக்கம் திரும்பினாள்.

"அண்ணே" என்று குரல் கொடுத்தாள். "எல்லாத்துக்கும் ஒரே காது."

முன்கட்டில் ஏதோ தட்டு கீழே விழுந்தது. அந்தச் சத்தத்தில் நூகு விழித்துக்கொண்டான்.

கட்டை இறக்கியதும் அவன் எடுத்த குரலுக்கு, தெருவில் கட்டியிருந்த வன்னியராஜின் மாடு பதில் குரல் கொடுத்தது. ஹமீது பீவி தேங்காய் ஓட்டைக் காட்டினாள், சங்கைக் காட்டினாள், சாவிக்கொத்தை ஆட்டினாள். வெளியிலிருந்து வன்னியராஜ் ஒரு தாலாட்டுப் பாடினார். குழந்தையின் அழுகை அதிகமாயிற்று. ஞானசௌந்தரி அவனைத் தூக்கித் தோளில் போட்டாள். அவன் கை துழாவி அவளுடைய அகன்ற காதைப் பிடித்தது. அப்பா கொடுத்த காது. பிடித்ததும் அழுகை நின்றது.

"அப்பாடா" என்றாள் ஹமீது பீவி. "அக்கா, அந்தக் காதைக் கொடுத்துட்டுப் போவீங்களா?"

"இது ஒண்ணோட ஒண்ணு ஒட்டினது தாயீ. தனியா வராது." ஞானசௌந்தரி சுவருக்கு அந்தப் பக்கம் குரல் கொடுத்தாள். "அண்ணே, உங்க கண்ணாடியை இப்படிக் கொடுங்க."

முன்கட்டில் பை திறக்கிற சத்தம் கேட்டது. பிறகு எலியேசரின் குரல் வந்தது. "அது தொழில் சாமான்."

"தொழில் முடிஞ்சுது."

ஒரு வேலைக்காரி மூலமாகப் பூதக்கண்ணாடி உள்ளே வந்தது. தொட்டில் கயிற்றில் கட்டியதும் வெளிச்சத்தை வாரி முகட்டில் இறைத்தது. நூகு அதைப் பார்த்துக் கைகால் உதைத்தான். ஹமீது பீவி கதிர்க்கட்டை ஒரு பழைய துணியில் சுற்றி, துவைக்கிற கல்லடி நாற்றையும் மண்ணோடு பெயர்த்து ஒரு சட்டியில் வைத்துக் கொடுத்தாள்.

"அறுத்ததும் பிள்ளைக்கு ஒரு கட்டு அனுப்பணும் அக்கா."

"ரெண்டு கட்டு அனுப்புதேன். ரெண்டும் மெலிசாத்தான் இருக்கும்."

திரும்பும் வழியில் எலியேசர் வன்னியராஜை என்ன செய்வது என்ற பேச்சை எடுத்தார். சட்டப்படி ஸ்டேஷனுக்குத்தான் போகவேண்டும். ஞானசௌந்தரி மடியில் சட்டியைப் பிடித்தபடி யோசித்தாள்.

"அவரு அந்த நாத்தங்காலை அழிக்கக்கூடாது. முழுசா நட்டு, களை எடுத்து, அறுக்கணும். நெட்டையும் குட்டையுமா நிக்குறதை ஊரு பாக்கட்டும்."

"தாயீ, அது ஸ்டேஷனைவிட மோசம்" என்றார் வன்னியராஜ் மாட்டின் முதுகைப் பார்த்தபடி.

"பிறகு என் வயலை உழுது தரணும்."

"அது உன்னைக் கேக்காமலே நினைச்சிருந்தேன்." சற்றுத் தூரம் போனபின் அவரே மறுபடி கேட்டார்: "காட்சிக்கு உன் நெல்லு போனா, பக்கத்து வயல்காரன்னு என் பேரையும் சொல்லுவியா?"

"உழுதவருன்னு சொல்லுதேன். முக்காலியைப் பத்திச் சொல்லமாட்டேன்."

அவர் உழுது கொடுத்தார். நன்றாகவே உழுதார். விதை கொஞ்சம்தான், நடுப்பாத்திக்குக் கட்டிவந்தது. வாய்க்காலில் தண்ணீர் வந்தது. நாற்று எழும்பியது.

நடவுக்கு மாரிக்கண்ணுவும் அவள் கூட்டத்துப் பெண்களும் வந்தார்கள். அவள்தான் வருஷா வருஷம் அந்த வயலை நடுகிறவள். நாற்றுமுடியைப் பிரித்துப் பார்த்து, "ஒரு வயித்துப் பிள்ளைக மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டுச் சேற்றில் இறங்கினாள். எலியேசர் குடையோடு வரப்பில் நின்று, மேற்பார்வை செய்வதாக நினைத்துக்கொண்டு எல்லோருக்கும் இடைஞ்சலாக இருந்தார்.

ஞானசௌந்தரி வெயிலுக்கு முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு பார்த்தாள். பெண்கள் இரண்டு பக்கத்திலிருந்தும் நட்டுக்கொண்டே வந்து, பாத்தியின் நடுவில் நிறுத்தினார்கள். ஓர் ஆள் நடக்கும் அகலத்துக்கு, இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரைக்கும், வெறும் சேறு கிடந்தது.

"அங்கன ஏன் விட்டுட்டீங்க?" என்று எலியேசர் கேட்டார்.

மாரிக்கண்ணு நிமிர்ந்து முதுகைப் பிடித்துக்கொண்டாள். "அது சார்வாள் நடந்து பாக்குத தடம் இல்லையா" என்றாள். சொன்ன பிறகுதான் அவளுக்கும் நினைவு வந்தது. கையில் மிச்சமிருந்த நாற்றை வைத்துக்கொண்டு ஞானசௌந்தரியின் முகத்தைப் பார்த்தாள்.

"அப்படியே இருக்கட்டும்" என்றாள் ஞானசௌந்தரி.

அந்த வயலில் நெல் நடுகிறவர்கள் இன்றும் நடுவில் ஓர் ஆள் நடக்க இடம் விட்டுத்தான் நடுகிறார்கள்.